பெல்ட்டை மாற்றினார்கள், காரணத்தை மறைத்தார்கள்: ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

மதுரைப் பக்கம் கியர் இல்லாத ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்கள், அதிலும் பாரம் ஏற்றி ஓட்டுகிறவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஆறு மாதத்துக்குள் என் வண்டியில், என்ஜினின் இழுப்பைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பெல்ட் இரண்டு பாழானது. இரண்டுக்கும் கம்பெனி பெல்ட் என்று சொல்லித்தான் பணம் வாங்கினார்கள். இரண்டுமே போலி. போலியை மாட்டியதைக்கூட ஒரு பக்கம் வைத்துவிடலாம். பெல்ட் எதனால் சாகிறது என்று தெரிந்தும் அதை மூடி வைத்தார்களே, அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

எங்கள் ஊர் திருமங்கலத்துக்கு மேற்கே. வீட்டில் மல்லிகைத் தோட்டம். விடியுமுன் பறித்த மொட்டை ஸ்கூட்டரில் மூட்டையாக வைத்து மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவது என் வேலை. பூவோடு பழகியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மொட்டு மொட்டாக இருக்கும்போதுதான் அதற்கு விலை. வெயில் ஏறி இதழ் விரிந்துவிட்டால் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான். அதனால் வண்டி எனக்கு வெறும் வண்டி இல்லை.

என் வண்டியின் கையேடு 24,000 கிலோமீட்டரில் பெல்ட்டை மாற்றச் சொல்கிறது. தை மாதம் 23,000 ஓடியிருந்தது. அறுந்த பிறகு அலைவதைவிட முன்னதாகவே மாற்றிவிடலாம் என்று மதுரையில் பல வருடம் பழகிய பட்டறையில் விட்டேன். பெல்ட்டும் கூலியுமாக 1,050 ரூபாய். முதலாளி சீட்டு ஒன்றை எழுதிக் கொடுத்தார். அதில் கடை முத்திரையும் இல்லை, பெல்ட்டின் எண்ணும் இல்லை. பழக்கமான இடம் என்பதால் நானும் கேட்கவில்லை. பெல்ட் வந்த அட்டைப்பெட்டியைப் பார்க்கவில்லை, கழற்றிய பழைய பெல்ட்டையும் கேட்டு வாங்கவில்லை. இந்த இரண்டையும் செய்திருந்தால் பிறகு நடந்த எதுவும் நடந்திருக்காது.

வைகாசியில் ஒரு முகூர்த்த நாள். நல்ல விலை கிடைக்கும் என்று கூடுதலாகவே பறித்திருந்தோம். காலை நாலரை மணிக்குக் கப்பலூர் சுங்கச்சாவடியைத் தாண்டியதும் பின்பக்கம் 'பட்' என்று ஒரு சத்தம். என்ஜின் அலறுகிறது, வண்டி நகரவில்லை. மாட்டிய பெல்ட் அதுவரை ஓடியது 4,100 கிலோமீட்டர்தான். ஆட்டோ பிடித்து மூட்டையை ஏற்றி மார்க்கெட் போய்ச் சேரும்போது முதல் ஏலமெல்லாம் முடிந்திருந்தது.

பட்டறையில், "அண்ணே, நீங்கள் ஏற்றுகிற பூ மூட்டைப் பாரத்துக்கு எந்தப் பெல்ட்டும் நிற்காது" என்றார்கள். மறுபடியும் 1,050 ரூபாய். இந்தத் தடவை, "போன தடவையைவிட உசத்தியான பெல்ட்" என்ற வார்த்தை மட்டும் கூடுதல். பாரம் ஏற்றுவது உண்மை என்பதால் குற்றம் என்னுடையதுதான் போலிருக்கிறது என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

அடுத்தது ஆடிப் பதினெட்டு. மனைவியின் ஊர் சிறுமலை. இருவருமாக அதே ஸ்கூட்டரில் மலை ஏறினோம். அந்தப் பாதையில் 18 கொண்டை ஊசி வளைவுகள். எட்டாவது வளைவிலிருந்தே ரப்பர் கருகும் வாடை. ஆக்சிலரேட்டரை முறுக்கினால் என்ஜின் சத்தம் கூடுகிறது, வேகம் கூடவில்லை. பதினோராவது வளைவில் பெல்ட் கவரின் இடுக்கிலிருந்து புகை வந்தது, உடனே நிறுத்தினேன். நல்லவேளை, ஓட்டத்தில் அறுபடவில்லை. அறுந்த பெல்ட்டின் நார் கிளட்ச்சில் சுற்றிக்கொண்டால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஒரு பக்கம் பள்ளத்தாக்கு, பின்னால் மனைவி. இன்றைக்கும் அதை நினைத்தால் உடம்பு நடுங்குகிறது. அந்தப் பெல்ட் ஓடியது வெறும் 2,600 கிலோமீட்டர்.

மலைவாழை ஏற்றிக்கொண்டு இறங்கிய ஒரு சிறு லாரிக்காரர் வண்டியைத் திண்டுக்கல் வரை கொண்டுவந்து இறக்கிவிட்டார். அங்கே ஒரு வயதான மெக்கானிக். கவரைக் கழற்றியவர் உடனே எதையும் தொடவில்லை, குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். வெந்த பெல்ட்டின் கரித்தூள் உள்ளே கொட்டிக் கிடந்தது. ஆனால் அடியில் மட்டும் அது தூளாக இல்லை, மை போலக் குழைந்திருந்தது. அதை விரலில் தொட்டு முகர்ந்தார். "தம்பி, இது என்ஜின் ஆயில். இந்தப் பெட்டிக்குள் ஆயிலுக்கு வேலையே இல்லை" என்றார். பிறகு ஒரு ஸ்க்ரூ டிரைவரை விட்டு மூலையிலிருந்து எதையோ நெம்பி எடுத்தார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பனியன் துணி, ஆயிலில் ஊறிச் சொட்டச் சொட்ட.

என்ஜினின் சுழலும் தண்டான கிராங்க் தண்டு பெல்ட் அறைக்குள் வரும் இடத்தில், ஆயில் வெளியே வராமல் தடுக்க ஓர் ஆயில் சீல் இருக்கிறது. அது தேய்ந்து ஆயில் கசிந்திருக்கிறது. கசிவைப் பார்த்தவர் சீலை மாற்றவில்லை. துணியை அடைத்துக் கவரை மூடிவிட்டார். சின்ன ரப்பர் வளையம் அது, பெல்ட்டின் விலையோடு பார்த்தால் அற்பம். ஆனால் வேரியேட்டர் என்கிற முன்கப்பியைக் கழற்றிச் சீலை மாட்டி முடிக்க நேரம் ஆகும். அந்த நேரத்தை மிச்சப்படுத்தத்தான் என் பூவும் என் மனைவியின் உயிரும் பணயமாக வைக்கப்பட்டன.

ஆயில் பட்டால் பெல்ட் ஏன் சாகிறது என்பதையும் அந்தப் பெரியவர்தான் விளக்கினார். இந்த வண்டிகளில் கியருக்குப் பதில் முன்னே ஒரு கப்பி, பின்னே ஒரு கப்பி, நடுவில் இந்தப் பெல்ட். வேகம் கூடக் கூட முன்கப்பியின் ரோலர்கள் வெளியே தள்ளி, கப்பியின் இரு தகடுகளையும் நெருக்கும். பெல்ட் மேலே ஏறும். பல் கடித்து இழுக்கும் சங்கிலி இல்லை இது. பெல்ட்டின் இரு பக்கங்களும் தகட்டைப் பிடித்துக்கொள்கிற பிடிதான் எல்லாம். ஆயில் பட்டால் அந்தப் பிடி போகும், பெல்ட் வழுக்கும். வழுக்கினால் சூடு, சூடு ஏறினால் ரப்பர் கண்ணாடி போல் பளபளத்து இறுகும், இறுகினால் இன்னும் வழுக்கும். மலையில் மெதுவாகவும் முழு முறுக்கிலும் ஏறும்போது இது சீக்கிரம் நடந்துவிடுகிறது.

பிறகு பெல்ட்டின் கிழிந்த விளிம்பிலிருந்து ஒரு நூலை உருவி எடுத்து லைட்டர் நெருப்பில் காட்டினார். நூல் சுருண்டு உருகி, நுனியில் ஒரு சின்ன மணியாகத் திரண்டது. என் வண்டிக்குரிய அசல் பெல்ட்டின் பழைய துண்டு ஒன்று அவரிடம் இருந்தது. அதன் நூல் மஞ்சள் நிறம். அதையும் நெருப்பில் காட்டினார். உருகவில்லை, நுனி மட்டும் கருகியது. அசலில் இருப்பது அராமிட் என்கிற, சூடு தாங்கும் நூல். இரண்டையும் என் உள்ளங்கையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் ஆயில் சீலை மாற்றப் போனார். கப்பித் தகடுகளைத் துடைத்து, ஒரு பக்கம் தட்டையாகியிருந்த ஆறு ரோலர்களையும் மாற்றினார். புதுப் பெல்ட்டின் பெட்டியை என் கண் முன்னே பிரித்து, அம்புக்குறி சுற்றும் திசையைப் பார்க்கும்படி மாட்டினார்.

கனடாவில் மலைப் பகுதியில் வேலை செய்கிற என் அக்கா மகனிடம் இதைப் புலம்பினேன். அங்கே குளிர்காலத்தில் அவன் ஸ்னோமொபைல் என்கிற பனி வண்டியில் மலை ஏறுகிறவன். "மாமா, எங்கள் வண்டியிலும் இதே கப்பி, இதே பெல்ட்தான்" என்றான். ஆழப் பனியில் மேடு ஏறும்போது என்ஜின் நிமிடத்துக்கு 8,000 சுற்று வரை சுற்றும், பெல்ட் அறுந்தால் ஆளரவமில்லாத மலையில் நிற்க வேண்டியதுதான். ஆகவே உதிரிப் பெல்ட் இல்லாமல் யாரும் கிளம்புவதில்லையாம். புதுப் பெல்ட்டை மாட்டும் முன் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைப்பார்கள். முதல் 50 கிலோமீட்டருக்கு முழு முறுக்குக் கொடுக்க மாட்டார்கள். காலையில் விறைத்துக் கிடக்கும் பெல்ட் சூடேறும் வரை சில நிமிடம் மெல்ல ஓட்டிவிட்டுத்தான் மேடேறுவார்கள். உதிரிப் பெல்ட்டையும் முன்னதாகவே ஓட்டிப் பழக்கி, மடங்காமல் வைத்திருப்பார்களாம்.

ஒரு பெல்ட் அறுந்தால் அடுத்ததை மாட்டும் முன் பழைய நார், தூள் எல்லாவற்றையும் கப்பியிலிருந்து சுத்தமாக எடுப்பார்கள், எதனால் அறுந்தது என்று தேடுவார்கள். "காரணம் தெரியாமல் அடுத்த பெல்ட்டை மாட்டினால் அதுவும் அறுந்துவிடும், மாமா" என்று அவன் சொன்னபோது எனக்கு அந்தப் பனியன் துணிதான் கண் முன் வந்தது. அவன் ஊர்ப் பனியும் நம் ஊர் வெயிலும் வேறு வேறு. ஆனால் பெல்ட்டைக் கொல்வது இரண்டு இடத்திலும் சூடுதான். நம் பக்கம் பெல்ட் அறைக்குக் காற்று போகும் வழியைப் புழுதி அடைத்துவிடுகிறது. சர்வீசுக்கு விடும்போது அதைத் திறந்து சுத்தம் செய்யச் சொல்லுங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள்.

பெல்ட் மாற்றச் சொன்னால் பெட்டியை உங்கள் முன் பிரிக்கச் சொல்லுங்கள். அதிலுள்ள எண் உங்கள் வண்டிக்கு உரியதுதானா என்று சரிபார்த்துப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றியது உங்கள் பொருள், தயங்காமல் கேட்டு வாங்குங்கள். கையேட்டுக் கணக்குக்கு வெகு முன்னால் பெல்ட் போயிருந்தால், கவர் திறந்திருக்கும்போதே கிராங்க் பக்கத்தையும் கிளட்ச் பக்கத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். ஈரம் இருந்தால் சீலை மாற்றாமல் மூட விடாதீர்கள். கிளம்பும்போது வண்டி உதறினாலோ, சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டாலோ, கருகும் வாடை வந்தாலோ அன்றைக்கே கவரைத் திறக்கச் சொல்லுங்கள். அவசரத்தில் நான் அந்த வாடையோடு மூன்று வளைவு ஏறினேன்.

மதுரை திரும்பியதும் அந்தத் துணியையும் இரண்டு நூலையும் பட்டறை மேசையில் வைத்தேன். முதலாளி துணியைத் தொடவே இல்லை. "பையன் ஏதோ தெரியாமல் செய்திருப்பான், பெல்ட் காசை வாங்கிக்கொள்ளுங்கள் அண்ணே, பெரிதாக்க வேண்டாம்" என்றார். இரண்டு தடவையும் கவரைத் திறந்தது அவருடைய கைதான், நான் பக்கத்தில் நின்றிருக்கிறேன். "காசு இருக்கட்டும், முதலில் முறையான ரசீது எழுதிக் கொடுங்கள்" என்றேன். கொடுக்கவில்லை. காசை வாங்காமல் வந்துவிட்டேன்.

நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிவு செய்திருக்கிறேன். அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் அங்கே மனு கொடுக்கலாம், ஐந்து லட்ச ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் இல்லை. கையில் இருப்பது இரண்டு துண்டுச் சீட்டு, பணம் அனுப்பிய அலைபேசிப் பதிவு, பாழான பெல்ட் இரண்டு, ஒரு பனியன் துணி. திண்டுக்கல் பெரியவர் கண்டதைக் கண்டபடி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

அவர் மாட்டிய பெல்ட் இப்போது 9,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. போன வாரம் கவரைத் திறந்து பார்த்தோம். உள்ளே உலர்ந்த தூள் மட்டும்தான், ஈரம் இல்லை. இருக்கைக்கு அடியில் ஓர் உதிரிப் பெல்ட்டை மடங்காமல் சுற்றி வைத்திருக்கிறேன். பூ மூட்டை அதே எடைதான்.