எருசலேம் தோட்டக் கல்லறை: உறுதியற்ற இடம், உறுதியான சாட்சி

எருசலேமின் தமஸ்கு வாசலுக்கு வெளியே, சில நிமிட நடையில் இருக்கும் தோட்டக் கல்லறையைப் பிரித்தானிய அறக்கட்டளை ஒன்று பராமரித்து வருகிறது. நுழைவுக் கட்டணம் இல்லை. விரும்புவோர் காணிக்கை அளிக்கலாம். குழுவாகச் செல்வோர் முன்பதிவு செய்துகொண்டால் மரநிழலில் அமர்ந்து திருவிருந்து ஆசரிக்கவும் இடம் கிடைக்கும்.

இயேசுவை அடக்கம்பண்ணிய கல்லறை இதுதானா என்றால், அல்ல என்றே கருதுகிறேன். 1883-இல் எருசலேமுக்கு வந்த பிரித்தானியப் படைத்தளபதி ஜெனரல் கார்டன், அருகிலுள்ள குன்றின் பாறையில் மண்டையோட்டின் சாயலைக் கண்டு, இயேசு சிலுவையில் அறையப்பட்ட ‘மண்டையோட்டு இடம்’ எனப்படும் கொல்கொதா அதுவே என்று வாதிட்ட பிறகுதான் இவ்விடம் பெரும்புகழ் பெற்றது. ஆனால் இக்கல்லறை கி.மு. 8 அல்லது 7-ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்டது என்பது தொல்லியலாளர் கபிரியேல் பர்காயின் முடிவு. யோவானோ தம் சுவிசேஷத்தில், இயேசுவை வைத்தது ஒருவரும் வைக்கப்பட்டிராத புதிய கல்லறை என்று எழுதுகிறார். இயேசுவின் கல்லறை இருந்த இடமாக 4-ஆம் நூற்றாண்டு முதல் போற்றப்பட்டுவரும் திருக்கல்லறை ஆலயத்துக்கே சான்றுகள் வலுவாக உள்ளன.

இருந்தும் இதை மனதாரப் பரிந்துரைக்கக் காரணம், இங்குள்ள தன்னார்வ வழிகாட்டிகள். பாறையில் குடைந்த பெரிய நீர்த்தொட்டியையும் பழைய திராட்சை ஆலையையும் காட்டி, இங்கே ஒரு தோட்டம் இருந்திருக்க வேண்டும் என்று விளக்கும் அவர்கள், இடத்தைப் பற்றிய ஐயத்தை மறைப்பதில்லை. உயிர்த்தெழுந்தவரைப் பற்றியே பேசி முடிக்கிறார்கள். அதுவே சரியான வரிசை. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 15-ஆம் அதிகாரத்தில் பவுல் கல்லறை இருக்கும் இடத்தைச் சொல்லவே இல்லை. கேபா (பேதுரு), பன்னிருவர், ஐந்நூறுக்கும் மேற்பட்ட சகோதரர், யாக்கோபு என்று கண்டவர்களை அடுக்கி, அந்த ஐந்நூறு பேரில் பெரும்பாலானோர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்றும் சேர்த்துவிட்டு, கிறிஸ்து எழுந்திராவிட்டால் நம் விசுவாசமே வீண் என்கிறார். நம் விசுவாசம் நிற்பது அந்தச் சாட்சிகளின் மேல்தான். எந்தப் பாறையின் மேலும் அல்ல.

கல்லறைக்குள் நுழைந்தால் வலப்புறம், கம்பித் தடுப்புக்கு அப்பால், உடலைக் கிடத்துவதற்கான வெறும் பாறைத்தளம் தெரிகிறது. ‘அவர் இங்கே இல்லை, உயிர்த்தெழுந்தார்’ என்னும் வாசகத்தை மரக்கதவில் ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறார்கள். எத்தனையோ ஈஸ்டர் ஆராதனைகளில் கேட்ட அந்த வசனத்தை அங்கே வாசிப்பது வேறோர் அனுபவம்.

மண்டையோட்டுப் பாறையின் அடியிலேயே பேருந்து நிலையம் இருப்பதால் இரைச்சலை எதிர்பார்த்தே செல்ல வேண்டும். ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். திருக்கல்லறை ஆலயத்தைத் தவிர்த்துவிட்டு இதை மட்டும் பார்த்துத் திரும்ப வேண்டாம்.