வீட்டு முன்வாசல்: பேவரா, புல்லா, ஜல்லியா, பொடுதலையா?

கேட்டுக்கும் வாசற்படிக்கும் நடுவே 20க்கு 20, அதாவது 400 சதுர அடி. சென்னைப் புறநகரில் தனி வீடு கட்டியவர்கள் பலருக்கு முன்பக்கம் மிஞ்சுவது இவ்வளவுதான். இதில் ஒரு கார் நிற்க வேண்டும், மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்க வேண்டும், காலையில் கோலம் போட இடம் வேண்டும். கூட ஒரு சித்தாளை மட்டும் வைத்துக்கொண்டு நாமே இறங்கிச் செய்வதானால், எது நம் கைக்கு அடங்கும்?

எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் வேலை ட்யூப் லெவல் பிடிப்பது, அதாவது தண்ணீர் நிரப்பிய குழாயை வைத்து மட்டம் பார்ப்பது. வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்பக்கமாக 60 அடிக்கு 1 அடி சரிவு வேண்டும். நம் 20 அடிக்கு 4 அங்குலம். இந்தச் சரிவைத் தெருவுக்குத் திருப்பாமல், கேட் ஓரத்து மழைநீர்க் குழிக்குத் திருப்புங்கள். 50 மி.மீ. மழை பெய்தால் 100 சதுர அடியில் மட்டும் ஏறத்தாழ 465 லிட்டர் விழுகிறது. வேலை முடிந்தபின் முன்வாசல் தரை, வீட்டின் பேஸ்மென்ட் (வீட்டுத் தரையைத் தாங்கும் மேடை) மட்டத்துக்கு அரை அடியாவது கீழே இருக்கட்டும். இல்லாவிட்டால் சுவரில் ஓதம் ஏறும்.

பேவர்

பேவர் என்பது தரையில் அடுக்கிப் பதிக்கும் கான்கிரீட் கல். கார் ஏறும் இடத்துக்கு 60 மி.மீ. கனக் கல் போதும். 200க்கு 100 மி.மீ. செவ்வகக் கல் சதுர மீட்டருக்கு 50 பிடிக்கும். 400 சதுர அடி முழுவதும் போட, வெட்டு சேதாரம் சேர்த்து 1,950 கல். ஒரு கல் ஏறக்குறைய 2.8 கிலோ, ஆக மொத்தம் ஐந்தரை டன்னை நீங்கள்தான் தூக்கி வைக்கப்போகிறீர்கள். அதற்கும் முன்னால் ஏழரை அங்குலம் தோண்ட வேண்டும்: 4 அங்குலம் வெட்மிக்ஸ் (ஜல்லியும் கல்பொடியும் தண்ணீர் விட்டுக் கலந்தது), ஒன்றே கால் அங்குலம் எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்த மணல்), அதன்மேல் கல். தோண்டிய மண் இரண்டரை யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). உதிர்ந்தால் மூன்றுக்கு மேல். அதை எங்கே கொட்டுவது என்று முதல் நாளே முடிவு செய்யாதவர்கள்தான் பாதியில் வேலையை நிறுத்துகிறார்கள்.

பேவர் அமுங்கினால் எல்லோரும் கல்லைத்தான் குறை சொல்வார்கள். பழி பெரும்பாலும் கீழே இருக்கும் மண்ணுக்கு. செப்டிக் டேங்க் ஓரமும் குழாய் புதைத்த பள்ளமும் ஒரே தடவையில் மண் தள்ளி மூடப்பட்டிருக்கும். முதல் ஐப்பசி மழையில் அந்தக் கோட்டிலேயே கல் இறங்கும். அந்த இடங்களை மறுபடி தோண்டி, அரை அடிக்கு ஓர் அடுக்காக நிரப்பி, தண்ணீர் தெளித்து இடித்துவிட்டுத்தான் வெட்மிக்ஸைப் பரப்ப வேண்டும். அடுத்த தவறு, மணலுக்குப் பதில் கிரஷர் டஸ்ட் போடுவது. நைசான பொடி தண்ணீரைப் பிடித்துக்கொண்டு சேறாகி, டயர் ஏறும்போது இடுக்கு வழியே பிதுங்கும். மூன்றாவது, ஓரக் கட்டு இல்லாமல் விடுவது. நான்கு பக்கமும் கான்கிரீட்டில் பதித்த கெர்ப் கல் இல்லையென்றால் வரிசைகள் மெல்ல விலகிக்கொண்டே போகும்.

கல் வைத்தபின் பிளேட் காம்பாக்டரை (அதிர்ந்து அழுத்தும் இயந்திரம்) ஒரு நாள் வாடகைக்கு எடுத்து இரண்டு தடவை ஓட்டி, காய்ந்த நைஸ் மணலை இடுக்கில் கூட்டித் தள்ளி, மீண்டும் ஒரு தடவை ஓட்டுங்கள். "இடுக்குல சிமெண்ட் பூசிட்டா உறுதி சார்" என்று கொத்தனார் சொல்வார். கேட்காதீர்கள். இறங்குகிற கொஞ்சநஞ்சத் தண்ணீரும் நின்றுவிடும், ஒரு கல் அமுங்கினால் தனியாகப் பெயர்த்தெடுக்கவும் முடியாது. எறும்பு இடுக்கு மணலை வெளியே தள்ளும். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை மணல் நிரப்பினால் சரி. புதுக் கல்லில் பூக்கும் வெள்ளைப் பொடிக்கு ஆசிட் ஊற்ற வேண்டாம், நாளடைவில் மழையிலேயே போய்விடும்.

புல்தரை

நர்சரியில் மெக்சிகன், கொரியன் என்ற பெயர்களில் சதுரத் துண்டுகளாகக் கிடைக்கும். தினமும் ஐந்தாறு மணி நேர நேர்வெயில் இல்லாத இடத்தில் இவற்றைப் போடுவது வீண். கோடையில் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் தண்ணீர் கேட்கும். 300 சதுர அடிக்கு 140 லிட்டர். நகரத்தில் ஓர் ஆளுக்குக் கணக்கிடும் 135 லிட்டரைவிட இது அதிகம். ஏப்ரல் மாதம் டேங்கர் லாரிக்குக் காத்திருக்கும் தெருவில் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

புல்லுக்கு உண்மையான எதிரி கோரை. லாரியில் வரும் செம்மண்ணோடு அதன் கிழங்கும் வந்துவிடும். மண் பரப்பியதும் புல்லைப் பதிக்காமல் மூன்று வாரம் தண்ணீர் விட்டு, முளைத்து வரும் கோரையைக் கிழங்கோடு தோண்டி எடுங்கள். இதை இரண்டு சுற்று செய்யுங்கள். மேலே பிடுங்கினால் இலைதான் கையோடு வரும், கிழங்கு உள்ளேயே இருந்து மறுபடி தளிர்க்கும். நன்கு மக்காத சாணம் போட்டால் வேர்ப்புழுவும் வரும்.

ஜல்லி

செலவும் உழைப்பும் குறைவு. 2 அங்குலக் கனத்துக்கு ஒரு யூனிட் 600 சதுர அடியை மூடும். அடியில் ஜியோடெக்ஸ்டைல் துணி (தண்ணீரை இறங்கவிட்டு ஜல்லியை மண்ணில் புதையாமல் பிடிக்கும் துணி) விரியுங்கள். பாலிதீன் போட்டால் தண்ணீர் இறங்காமல் தேங்கும். உருண்டைக் கூழாங்கல் காலுக்கடியில் வழுக்கி நகரும், உடைத்த 20 மி.மீ. ஜல்லி ஒன்றோடொன்று பிடித்து நிற்கும். வேப்பமரத்தடியில் மட்டும் வேண்டாம். சருகைக் கூட்டவும் முடியாது, பொறுக்கவும் முடியாது. மதிய வெயிலில் சூடும் அதிகம்.

பொடுதலை

பொடுகு எண்ணெய்க்குத் தேடும் அதே பொடுதலைதான். வாய்க்கால் ஓரத்திலும் வயல் வரப்பிலும் தரையோடு படர்ந்திருக்கும். பல்விளிம்பு இலை, சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னப் பூங்கொத்து. கணுவுக்குக் கணு வேர்விடும். வேருள்ள கொடித்துண்டை அடிக்கு ஒன்றாக, ஒரு கணுவாவது மண்ணுக்குள் போகும்படி நட்டால் இரண்டு மூன்று மாதத்தில் மூடிவிடும். உப்புத் தண்ணீரையும் தாங்கும். வேர் பிடித்தபின் வாரம் ஒன்றிரண்டு முறை தண்ணீர் போதும், வெட்டும் வேலையும் கொஞ்சம்தான். பூவுக்குத் தேனீ வரும் என்பதால் குழந்தைகள் வெறுங்காலோடு ஓடும் பக்கத்தில் பூக்குமுன் நறுக்கிவிடுங்கள். கார் நின்று நிழல் விழும் இடத்தில் கொடி நீண்டு வெளிறிப்போகும். மஞ்சள் பூ வெடேலியாவை இதற்கு மாற்றாக நர்சரியில் நீட்டினால் வாங்காதீர்கள். பிறகு அதை அடக்கவே தனி வேலை.

நாங்கள் சொல்வது கலவை. சக்கரம் ஓடும் இரண்டு தடத்துக்கு மட்டும் பேவர்: தலா 2 அடி அகலம், 18 அடி நீளம், நடுவே இரண்டே முக்கால் அடி இடைவெளி. சின்னக் காருக்கு இது பொருந்தும்; பெரிய வண்டியென்றால் இரு டயர்களின் நடுவை அளந்து மாற்றிக்கொள்ளுங்கள். 1,950 கல் 350 ஆகிவிடும், தோண்டும் மண்ணும் அரை யூனிட்டுக்குள் அடங்கும். தடங்களுக்கு நடுவே ஜல்லி. வெயில் படும் மிச்ச இடத்தில் பொடுதலை, மதில் ஓரத்தில் இட்லிப்பூவும் நந்தியாவட்டையும். கல்வேலையை மாசிக்குள் முடித்துவிட்டு, செடி நடுவதை ஆவணி, புரட்டாசிக்கு வைத்துக்கொண்டால் தண்ணீர் ஊற்றும் பாடு பாதி.

கேட்டை ஒட்டி 4க்கு 4 அடிக்குக் கடப்பாக் கல் பதிக்க மறக்காதீர்கள். பேவர் இடுக்கில் கோலமாவு இறங்கிவிடும், கம்பி நேராக வராது.