கிட் வாங்கி வீட்டில் வெள்ளை வைன்: சில ஆண்டுப் பழக்கத்துக்குப் பிறகு

ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் எங்கள் வீட்டு பேஸ்மென்டில் சில ஆண்டுகளாக வெள்ளை வைன் செய்து வருகிறேன். தோட்டத்துத் திராட்சையில் அல்ல, கடையில் பெட்டியாக விற்கும் கிட்டில். இது வாங்கத் தகுந்ததா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: தாராளமாக வாங்கலாம். ஆனால் 4 வாரம், 6 வாரம் என்று பெட்டியில் போட்டிருப்பதை வைன் குடிக்கத் தயாராகும் நாளாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது போத்தலில் அடைக்கக்கூடிய நாள், அவ்வளவுதான்.

பெட்டிக்குள் ஒரு பை திராட்சைச் சாறு, ஈஸ்ட், பென்டனைட் என்ற களிமண் தூள், வைன் கெடாமல் காக்கும் மெட்டாபைசல்பைட், மறுபடி நொதிக்காமல் தடுக்கும் சோர்பேட், தெளிய வைக்கும் திரவம் ஒன்றோ இரண்டோ இருக்கும். மலிவான கிட்டில் சாறு நன்றாக வற்றவைத்ததாக, சுமார் 6 லீற்றரிலிருந்து வரும். விலை கூடினால் 14 முதல் 18 லீற்றர் வரை வரும். எதை வாங்கினாலும் தண்ணீர் சேர்த்து 23 லீற்றராக்க வேண்டும். அதில் 30 போத்தல் கிடைக்கும். 100 டாலர் கிட் என்றால் போத்தலுக்கு 3 டாலர் சொச்சம். அதற்குமேல் கார்க், தண்ணீர், சுத்தம் செய்யும் பொடி. ஒன்டாரியோ அரசின் மதுக்கடையான எல்சிபிஓவில் அந்த விலைக்கு ஒரு போத்தலும் வராது. சொந்தத் தேவைக்குச் செய்வதைக் கனடாச் சட்டம் அனுமதிக்கிறது, விற்கத்தான் கூடாது. ஊரில் இருந்து வாசிப்பவர்கள் கவனம்: தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் வீட்டில் மது தயாரிப்பது குற்றம்.

சிவப்பு வைனில் விலை கூடிய கிட்டுக்கும் மலிவுக்கும் உள்ள வித்தியாசம் முதல் வாயிலேயே தெரியும். வெள்ளையில் அவ்வளவு இல்லை. தோலும், துவர்ப்பு தரும் டானினும் பெரிய பங்கு வகிக்காத வைன் என்பதால், நடுத்தர விலைக் கிட்டே போதும் என்பது என் எண்ணம். மிச்சப்படும் பணத்தை விடப் பெரிய விஷயம், அதை எந்தச் சூட்டில் நொதிக்க விடுகிறோம் என்பது.

கிட் தாளில் 22, 24 பாகை செல்சியஸ் என்று எழுதியிருப்பார்கள். அதற்குக் காரணம் உண்டு. அந்தச் சூட்டில் ஈஸ்ட் தயங்காமல் கிளம்பும், வேலை குறித்த நாளில் முடியும், வாங்கினவர் கடைக்குப் போன் அடிக்க மாட்டார். ஆனால் பெரிய வைன் சாலைகளில் வெள்ளை வைனைப் பெரும்பாலும் 12 முதல் 18 பாகைக்குள்தான் நொதிக்க வைக்கிறார்கள். சூடு கூடினால் நொதித்தல் வேகமாகும். மேலே குமிழி விட்டுப் போகும் வாயுவோடு பழ வாசமும் சேர்ந்து போய்விடும். நான் இப்போது செய்வது இரண்டுக்கும் நடுவில். ஈஸ்ட்டை 22 பாகையில் தூவி, நுரை கட்டத் தொடங்கியதும் வாளியை பேஸ்மென்டின் குளிர்ந்த மூலைக்கு நகர்த்திவிடுகிறேன். குளிர்காலத்தில் அங்கே 16, 17 பாகைதான். பல வெள்ளைக் கிட்டுகளில் வருவது லால்வின் இசி-1118 ஈஸ்ட். 10 பாகையிலும் நின்றுபோகாத வலுவான ரகம். நாள் கூடுதலாக எடுக்கும், எடுக்கட்டும். சோவின்யோன் பிளாங் என்ற வெள்ளை ரகத்தில் அதற்கே உரிய புல் வாசமும் எலுமிச்சை வாசமும் நிற்பது இப்படிச் செய்தபோதுதான். தாளில் உள்ள நாட்கணக்கை விட்டுவிட்டு திரவத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரை மட்டும் நம்புங்கள். தொடக்கத்தில் 1.086 காட்டியது 0.992க்கு இறங்கி, அடுத்தடுத்த நாட்களிலும் அசையாமல் நின்றால் முடிந்தது. அந்தக் கணக்கில் மது அளவு 12 சதவீதத்துக்குச் சற்று மேலே.

குளிரில் வைத்ததற்கு ஒரு விலை உண்டு. குளிர்ந்த திரவம் கரியமில வாயுவை விடாமல் பிடித்துக்கொள்ளும். கிட் வைன் பற்றி வரும் குறைகளில் பாதி, வாயுவைச் சரியாக வெளியேற்றாததால் வருவது. நாக்கில் சுருக்கென்று குத்தும், தெளியாமல் மங்கலாகவே நிற்கும், ஏனென்றால் மேலே ஏறும் நுண்குமிழிகள் மண்டியைக் கீழே படிய விடாது. அதனால் இந்தக் கட்டத்தில் மட்டும் வைனை மறுபடியும் 22 பாகைக்குக் கொண்டுவருகிறேன். பிறகு டிரில்லில் மாட்டும் கலக்கித் தண்டால் விட்டுவிட்டுக் கலக்க வேண்டும். எடுத்த எடுப்பில் வேகம் வைத்தால் நுரை, கார்பாயின் (வைனை வாளியிலிருந்து மாற்றி வைக்கும் பெரிய குறுங்கழுத்துப் போத்தல்) கழுத்தைத் தாண்டித் தரைக்கு வரும். ஒரு சிறு போத்தலில் பாதி எடுத்து, பெருவிரலால் மூடிக் குலுக்கித் திறந்து பாருங்கள். 'புஸ்' என்றால் இன்னும் கலக்க வேண்டும். கைத்துடுப்பால் கலக்கலாம் என்று தாளில் இருக்கும். 23 லீற்றரைக் கையால் கலக்குவது களி கிண்டுவதைவிடக் கடினம். டிரில் தண்டு வாங்கிவிடுங்கள்.

அடுத்த எதிரி காற்று. நொதித்தல் நடக்கும்வரை வைன் தன்னைத்தானே காத்துக்கொள்ளும். நின்ற பிறகு கார்பாயின் தோள்வரை வெற்றிடம் விட்டு வைத்தால், வெள்ளை வைன் மெல்லப் பொன்னிறமாகி, பிறகு வாடிய ஆப்பிள் வாசம் வரும். கழுத்துவரை நிரப்பித்தான் வைக்க வேண்டும். நிரப்பத் தண்ணீர் ஊற்றச் சொல்லும் தாள்களும் உண்டு. நான் அதே மாதிரி வைன் ஒரு போத்தல் கடையில் வாங்கி ஊற்றுகிறேன். ஆறு மாதத்துக்கு மேல் வைக்க நினைத்தால் அடைக்குமுன் 23 லீற்றருக்குக் கால் தேக்கரண்டி மெட்டாபைசல்பைட் கூடுதலாகச் சேர்ப்பது வழக்கம். நானும் சேர்க்கிறேன். சேர்க்காமல் அடைத்ததும் சேர்த்து அடைத்ததும் ஓர் ஆண்டு கழித்து நிறத்திலேயே பிரிந்து தெரிந்தன.

சோர்பேட் விஷயத்தில் மட்டும் தாளோடு எனக்குச் சண்டை. அது ஈஸ்ட்டைக் கொல்லாது, பெருக விடாது. இனிப்புப் பை சேர்க்கும் ரீஸ்லிங், கெவுர்ஸ்ட்ரமினர் போன்றவற்றில் அதை விட்டால் போத்தலுக்குள் மறுபடி நொதித்துக் கார்க் பறக்கும். அங்கே கட்டாயம் போடுங்கள். சர்க்கரை முழுவதும் தீர்ந்த வைனில் நான் போடுவதில்லை. போட்டால் மிட்டாய் மாதிரி ஒரு வாசம் எனக்குத் தட்டுப்படுகிறது; வீட்டில் வேறு யாருக்கும் அது தெரிவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் சைவக்காரர் இருந்தால் தெளிய வைக்கும் பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். கைட்டோசான் பெரும்பாலும் இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுப்பது. ஐசிங்கிளாஸ் மீனின் காற்றுப்பை. ஒவ்வாமை உள்ளவர்களும் கவனிக்க வேண்டியது இது. இரண்டையும் தொடாமல், பென்டனைட்டை மட்டும் நம்பிக் கூடுதல் காலம் விட்டாலும் தெளியும். எங்கள் மச்சாளுக்காக அப்படிச் செய்தது, பொறுமை இருந்ததால், கண்ணாடி மாதிரியே வந்தது.

சாமான்களைப் பற்றி. உணவுத்தர பிளாஸ்டிக் வாளியின் உட்புறத்தில் கீறல் விழுந்தால் தூக்கிப் போடுங்கள், கிருமி அங்கேதான் ஒளியும். கண்ணாடிக் கார்பாய் அழகு, ஆனால் நிறைந்தால் 25 கிலோவுக்கு மேல். ஈரக் கையோடு படியேறப் பயமாக இருக்கும். நான் பிளாஸ்டிக் கார்பாய்க்கு மாறிவிட்டேன். தரையில் நிற்கும் கார்க் அடிக்கும் கருவிதான் இவ்வளவிலும் சிறந்த செலவு. பிளீச் மட்டும் வேண்டாம்: குளோரின் கார்க்கோடும் பூஞ்சையோடும் சேர்ந்தால் ஈர அட்டை வாசம் வரும். ரொறன்ரோக் குழாய்த் தண்ணீரில் குளோரின் வகையான குளோரமின் இருக்கிறது, கொதிக்க வைத்தால் லேசில் போகாது; பெரிய கானில் விற்கும் தண்ணீர் வாங்குவது தலைவலி குறைவு. தெளிய வைக்கிறேன் என்று ஜனவரியில் கராஜில் வைக்கவும் வேண்டாம். இந்த வைன் சுமார் மைனஸ் 5 பாகையில் உறையத் தொடங்கும்.

அடைத்த புதிதில் எல்லா வெள்ளையும் ஒரே மாதிரி, தட்டையாகத்தான் இருக்கும். மூன்று மாதத்தில் வாசம் எழும், ஆறில் நன்றாக இருக்கும். ஒன்றரை ஆண்டுக்கு மேல் வைத்ததில் எனக்குப் பெரிய பலன் தெரியவில்லை. பிரிஜ்ஜில் வைத்த போத்தலின் அடியில் சில்லு மாதிரி படிகம் கண்டால் பயப்படாதீர்கள், அது டார்டாரிக் உப்பு, கண்ணாடித் துண்டு இல்லை.

எந்த ரகம்? எங்கள் சாப்பாட்டுக்கு, கொஞ்சம் இனிப்பு விட்ட ரீஸ்லிங்தான். கணவாய்க் கறியின் உறைப்பை அந்த இனிப்பும் புளிப்பும் தணிக்கும். கெவுர்ஸ்ட்ரமினரின் ரோஜா வாசம் நண்டுக்கும் எடுபடுகிறது, ஆனால் எல்லாருக்கும் பிடிக்காது. பினோ கிரிஜியோ விருந்துக்கு வசதி. யாரும் குறை சொல்ல மாட்டார்கள், யாரும் ஞாபகமும் வைத்திருக்க மாட்டார்கள். ஓக் சீவல் போட்டு வரும் ஷார்டனே, மிளகாய்த்தூள் கறியோடு சேர்ந்தால் வாய் எரிவைக் கூட்டிவிடுகிறது. வெறும் பொரித்த மீனுக்கும் கோழிக்கும் நன்றாக இருந்தது. அதற்காக மட்டும் 30 போத்தல் எங்கள் வீட்டுக்கு அதிகம், இனி வாங்குவதாக இல்லை.