பெரியப்பாவின் நுரையீரல்: நெல்லையில் கிடைத்த சோதனைகளும் கிடைக்காத ஒன்றும்

நுரையீரல் ஃபைப்ரோசிஸ், அதாவது நுரையீரலில் தழும்பேறும் நோய் என்று தெரிந்ததும் வீட்டார் கேட்பது, இது எவ்வளவு வேகமாக முற்றும் என்பதைத்தான். முக்கூடலில் இருக்கும் பெரியப்பாவுக்காக அந்தக் கேள்வியோடு லண்டனிலிருந்து வந்து, பாளையங்கோட்டையிலும் வண்ணார்பேட்டையிலும் ஏறி இறங்கிய அனுபவம் இது.

நெஞ்சு சி.டி. ஸ்கேனைக் காலையில் எடுத்து மாலையில் அறிக்கையே தந்துவிட்டார்கள். ஆனால் பிலிம்தான் தருகிறார்கள், படங்கள் பதிந்த குறுந்தகட்டைக் கேட்டு வாங்க வேண்டும், அடுத்த படத்தோடு ஒப்பிட அது இல்லாமல் முடியாது. மூச்சுச் சோதனையில்தான் அலைச்சல். ஊதும் அளவை எடுத்த முதல் மையத்தில், நுரையீரலிலிருந்து இரத்தத்துக்கு வாயு எவ்வளவு கடக்கிறது என்று அளக்கும் கருவி இல்லை. அதைப் பணம் கட்டிய பிறகே சொன்னார்கள்.

"பெட் (PET) ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடுமா, டாக்டர்?" என்று நான் கேட்டதற்கு நுரையீரல் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். சி.டி. காட்டுவது ஏற்கெனவே விழுந்த தழும்பை; தழும்பு இப்போதும் உருவாகிக்கொண்டிருக்கிறதா என்பதை ஒரே படத்தை வைத்துச் சொல்ல முடியாது. அதற்காகத்தான் தழும்பை உண்டாக்கும் செல்களின் மேலுள்ள எஃப்.ஏ.பி. என்ற புரதத்தில் போய் ஒட்டும் பொருளோடு காலியம்-68 என்ற கதிரியக்கத் தனிமத்தைச் சேர்த்துப் படமெடுக்கிறார்கள். பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையிலோ தழும்பில் சேரும் புரதமான கொலாஜனிலேயே ஒட்டும் பொருளை நோயாளிகளிடம் சோதித்திருக்கிறார்கள். எல்லாம் இன்னும் ஆய்வு நிலைதான். காலியம்-68 ஏறத்தாழ 68 நிமிடத்தில் பாதியாகிவிடுவதால், தயாரித்த இடத்துக்குப் பக்கத்திலேயே பயன்படுத்தியாக வேண்டும். புற்றுநோய்க்கு வழக்கமாக எடுக்கும் பெட் ஸ்கேன் செல்கள் சர்க்கரையை உறிஞ்சுவதைக் காட்டுவது; இந்தக் கேள்விக்காக அதில் பணத்தைப் போட வேண்டாம் என்றார். எழுதிக் கொடுத்திருந்தால் மறுபேச்சில்லாமல் கட்டியிருப்போம். கொடுக்காததே அவர்மேல் எனக்கு மதிப்பை உண்டாக்கியது.

அவர் சொன்ன வழி எளியது: சில மாதங்களுக்கு ஒருமுறை, ஒரே இடத்தில், மூச்சுச் சோதனையும் 6 நிமிட நடைச் சோதனையும். 2022இல் வந்த பன்னாட்டு வழிகாட்டுதலின்படி, எதிர்பார்க்கும் அளவோடு ஒப்பிட்ட மூச்சுக் கொள்ளளவு ஓராண்டுக்குள் 5 சதவீதப் புள்ளிகளோ அதற்கு மேலோ குறைவது, நோய் முற்றுவதற்கான அடையாளங்களில் ஒன்று.

தழும்பேறுவதை மெதுவாக்கும் பிர்ஃபெனிடோன் மாத்திரை ஊர் மருந்துக்கடையிலேயே கிடைத்தது. அதைச் சாப்பாட்டோடுதான் விழுங்க வேண்டும்; தோலில் வெயில் படவும் கூடாது. நெல்லை வெயிலில் இது பெரிய நிபந்தனை. "தொப்பி எதுக்குல, நான் என்ன கிரிக்கெட்டா ஆடப் போறேன்?" என்கிறார் பெரியப்பா. முழுக்கைச் சட்டைக்கு மட்டும் சம்மதித்திருக்கிறார்.