மூணு லெவல் பயிற்சித்தாளா, சாய்ஸ் போர்டா? ரெண்டையும் செஞ்சு பார்த்த அனுபவம்

மலேசியாவுல, பினாங்கு தீவுல ஒரு தமிழ்ப்பள்ளியில மூணாம் ஆண்டு எடுக்கறேன், வகுப்புல 27 பேர். ஒரு பையனுக்கு டிஸ்லெக்சியா (வாசிக்க, எழுத சிரமப்படற குறைபாடு), ஒரு பொண்ணுக்கு ஆட்டிசம், ரெண்டு பேர் வீட்டுல தமிழே பேசறதில்ல. போன வருஷம் பிள்ளைங்களோட நிலைக்கு ஏத்த மாதிரி மூணு லெவல் பயிற்சித்தாள், இந்த வருஷம் சாய்ஸ் போர்டு, அதாவது ஒரே தலைப்ப எப்படிச் செய்யறதுன்னு பிள்ளையே தேர்ந்தெடுக்கற பலகை. நான் இப்ப போர்டு பக்கம்தான், முதல்லயே சொல்லிடறேன்.

எல்லாருக்கும் ஒரே தாள் குடுக்கறத விட ரெண்டுமே மேல், அதுல பேச்சே இல்ல. 2019ல சீரோ ரிஜெக்ட் கொள்கை வந்ததுக்கு அப்புறம் சிறப்புத் தேவை உள்ள பிள்ளைய வாசல்லயே திருப்பி அனுப்பக் கூடாது, சரி, உள்ள வந்த பிள்ளைக்கு என்ன செய்யறோம்ங்கறதுதான் இப்ப கேள்வி.

மூணு லெவல் நமக்குப் பழகினதுதான், வளப்படுத்துதல் (நல்லா செய்யறவங்களுக்கு), திடப்படுத்துதல் (நடுத்தரத்துக்கு), குறைநீக்கல் (பின்தங்கினவங்களுக்கு)னு மூணு தாள், யாருக்கு எதுன்னு டீச்சர் முடிவு பண்றோம். கணக்குக்கும் எழுத்துக்கூட்டி வாசிக்கறதுக்கும் இது நல்லாவே வேலை செய்யுது.

போர்டுல தலைப்பு ஒண்ணு, வழி மூணு, எதுன்னு பிள்ளை எடுத்துக்குது. தைப்பூசம் தலைப்பு வந்தப்ப ஒரு பத்தி எழுதலாம், மஹ்ஜோங் பேப்பர்ல (பெரிய வெள்ளைத் தாள்) படம் வரைஞ்சு பேர் போடலாம், இல்ல ரெண்டு நிமிஷம் பேசி ஃபோன்ல பதிவு பண்ணலாம்னு வச்சேன். டிஸ்லெக்சியா உள்ள பையன், நோட்டுல ஒரு வாக்கியம் எழுதவே பத்து நிமிஷம் ஆகும், ணகரம் னகரம் ரெண்டும் அவனுக்கு ஒண்ணாதான் தெரியும். அவன் ஃபோன எடுத்துக்கிட்டு, வெள்ளி ரதம் வர்றதுக்கு முன்னாடி ரோட்டுல தேங்காய எப்படிக் குவிச்சு வைப்பாங்க, உடைச்ச ஓட்ட எப்படி ஷவல் வச்சு தள்ளுவாங்க, தண்ணி கால்ல பட்டா எப்படி வழுக்கும்னு நிறுத்தாம பேசினான். "ரதம் நிக்குது, அப்பத்தான் உடைக்கணும் டீச்சர், நகரும்போது உடைக்கக் கூடாது"ன்னு வரிசைக்கிரமமா சொல்றான். போன வருஷம் இதே பையனுக்கு நான் குடுத்தது கோடிட்ட இடத்தை நிரப்புக, அஞ்சு கேள்வி.

ஆனா நான் மாறினதுக்குக் காரணம் அது கூட இல்ல, வார வாரம் இழுக்கற வேலைதான். மூணு லெவல்னா ஒவ்வொரு பாடத்துக்கும் மூணு தாள் தயார் பண்ணணும், மூணு கட்டா ஃபோட்டோஸ்டாட், விடையும் மூணு. முதல் மாசம் சந்தோஷமா செஞ்சேன், அப்புறம் விளையாட்டுப் போட்டி, கூட்டம், ரிப்போர்ட்னு வர வர ஞாயித்துக்கிழமை ராத்திரி பதினோரு மணிக்கு உக்காந்து நடுத்தாள முதல்ல செய்வேன், அதுதான் நிறைய பேருக்கு. நேரம் இல்லாம விட்டுப்போறது எப்பவும் குறைநீக்கல் தாள்தான், அதாவது யாருக்கு ரொம்பத் தேவையோ அந்தப் பிள்ளைதான் நான் சோர்ந்துபோற வாரத்துல அடிபடும், பழைய தாளையே திரும்ப நகல் எடுத்துக் குடுத்திருக்கேன், அதை நினைச்சா இன்னிக்கும் கஷ்டமா இருக்கு. போர்டு ஒரு தடவை செஞ்சா போதும், தலைப்பு மட்டும் மாத்தறேன், நான் களைச்சுப் போயிருந்தாலும் அந்தப் பையனோட வழி போர்டுல அப்படியே இருக்கு.

திருத்தறதுல நேரம் மிச்சமாகுமான்னா, இல்ல. ஒன்பது பதிவு கேக்க நோட்டு திருத்தறத விட நேரம் ஆகுது. ஆறாம் ஆண்டுப் பொதுத்தேர்வு யூபிஎஸ்ஆர் 2021ல எடுத்தாச்சு, இப்ப பிபிடில (வகுப்பறை மதிப்பீடு) டிபி, அதாவது அடைவுநிலை, 1ல இருந்து 6 வரை நாமதான் குடுக்கறோம், எழுத்துல மட்டும் பார்த்துக் குடுக்கணும்னு இல்லாததால எழுதினது, வரைஞ்சது, பேசினது மூணுக்கும் ஒரே அளவுகோல் வச்சுக்கறேன், அது கொஞ்சம் சமாளிக்க உதவுது.

வரையறதையே திரும்பத் திரும்ப எடுக்கற பிள்ளைங்க இருக்காங்க, அதனால ஒரே வழிய தொடர்ந்து மூணு தடவை எடுக்கக் கூடாதுன்னு வச்சிருக்கேன். எழுத்து சொல்லித்தர்ற பாடத்துல போர்டே கிடையாது, எழுதித்தான் ஆகணும். ஆட்டிசம் உள்ள பொண்ணுக்கு மூணு வழிய ஒண்ணாக் காட்டினா பதட்டமாயிடுது, ரெண்டு படம் மட்டும் கையில குடுத்தா ஒண்ண தொட்டுக் காட்டுவா. ஆனா அது ஒரே ஒரு பிள்ளைய வச்சு சொல்றது, எல்லா ஆட்டிசம் பிள்ளைக்கும் பொருந்தும்னு நான் சொல்ல மாட்டேன். ஆறாம் ஆண்டும் நான் எடுத்ததில்ல, அங்க எடுக்கறவங்க ட்ரை பண்ணியிருந்தா எப்படிப் போச்சுன்னு சொல்லுங்க. கணக்குக்கு இன்னும் மூணு தாள்தான் அடிச்சிட்டு இருக்கேன்.