வெண்ணெய் எடுக்க மிக்ஸியா, பாட்டிலா?

கிரீமிலிருந்து வீட்டிலேயே வெண்ணெய் எடுக்க மிக்ஸி, எலெக்ட்ரிக் பீட்டர், மூடி போட்ட பாட்டில் என்று மூன்றையும் பயன்படுத்திவிட்டு, நான் கடைசியில் வாயகன்ற பாட்டிலுக்கு வந்து சேர்ந்தேன். வேகத்தில் அது தோற்கும். மிக்ஸியில் சில நிமிடங்களில் திரள்வதற்குப் பாட்டிலைக் கால் மணி நேரமாவது குலுக்க வேண்டும், கையும் வலிக்கும். அவசரக்காரர்கள் மிக்ஸியையே எடுக்கலாம்.

நான் பார்ப்பது, எடுத்த வெண்ணெய் எத்தனை நாள் தாங்கும் என்பதை. வெண்ணெயில் சுமார் 80 சதவீதம் கொழுப்பு. மீதியில் பெரும்பகுதி நீர். அந்த நீர் மோராகவே தங்கிவிட்டால், அதிலிருக்கும் சர்க்கரையும் புரதமும் கிருமிகளுக்குத் தீனி. சீக்கிரமே வாடை வந்துவிடும். அதனால் கடைவதைவிடக் கழுவுவதில்தான் விஷயம் இருக்கிறது. நன்றாகக் கழுவ வேண்டுமென்றால் வெண்ணெய் ஒரே உருண்டையாகாமல் மணிமணியாக நிற்க வேண்டும்.

பாட்டிலில் இது கைவசப்படும். பாதிக்கு மேல் ஊற்றாமல் குலுக்கினால் முதலில் சலசலக்கும். பிறகு கிரீம் நுரைத்துக் கெட்டியாகிச் சத்தமே நின்றுவிடும். பலர் கைவிடுவது இங்கேதான். விடாமல் குலுக்கினால் திடீரென்று மோர் பிரிந்து மறுபடி சலசலப்பு கேட்கும். மணிகள் அரிசி அளவுக்கு வந்ததும் நிறுத்தி, மோரை வடித்து, அதே பாட்டிலில் குளிர்ந்த நீர் ஊற்றி மெதுவாக ஆட்டி வடிக்கலாம். நீர் தெளியும்வரை இதையே திரும்பச் செய்ய வேண்டும். அப்புறம் கரண்டியால் அழுத்தி மிச்ச நீரை வெளியேற்றினால் சரி. பாட்டில் மட்டும் கண்ணாடியாக வேண்டாம். திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாகிவிடும்.

மிக்ஸியில் நிறுத்த வேண்டிய நொடி கைநழுவிப் போகிறது. பிளேடின் உராய்வில் கிரீம் சூடேறி, வெண்ணெய் மணியாக நிற்காமல் பிசுபிசுத்து மோரையும் உள்ளே பிடித்துக்கொள்கிறது. கொஞ்சம் கொழுப்பு மோரோடும் போய்விடுகிறது. பிளேடுக்கு அடியில் ஒட்டியதை வழித்தெடுப்பது தனி வேலை. விட்டுவிட்டு ஓட்டி, திரளும் நேரத்தில் ஐஸ் நீர் சேர்த்தால் நிலைமை மேம்படும், ஆனால் பாட்டில் அளவுக்கு வராது.

பீட்டரை நான் அதிகம் பயன்படுத்தியதில்லை. மோர் பிரியும்போது சுவரெல்லாம் தெறித்ததும் ஒதுக்கிவிட்டேன். ஆழமான பாத்திரத்தில், மேலே துணி மூடிச் செய்பவர்களுக்கு அது நன்றாகவே அமையலாம்.

எந்த வழியானாலும் கிரீம் 10 முதல் 15 டிகிரி செல்சியஸுக்குள் இருப்பது நல்லது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் கடைந்தால் திரள நேரமாகும். 35 சதவீதக் கொழுப்புள்ள அரை லிட்டர் கிரீமில் சுமார் 200 கிராம் வெண்ணெய் எதிர்பார்க்கலாம். உறை ஊற்றிப் புளிக்கவிட்ட கிரீம் சுலபமாகத் திரளும், மணமும் கூடுதல்.

உருக்கி நெய்யாக்கப் போகிறவர்களுக்கு இந்த அலசல் தேவையே இல்லை. காய்ச்சும்போது நீர் ஆவியாகி, மோரின் மிச்சமும் கசடாக அடியில் தங்கிவிடும். அவர்களுக்கு மிக்ஸிதான் சரி. நானும் நெய்க்கு அதைத்தான் எடுக்கிறேன்.