ஓலெட் மடிக்கணினி: ஐடியாபேடா, விவோபுக்கா, பேசாமல் மேக்புக் ஏரா?

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழைய மடிக்கணினியைக்கூட மாற்ற வேண்டிய நிலை பல வீடுகளுக்கு. இங்கே சிங்கப்பூரில் கடைக்குப் போனால், ஆயிரம் வெள்ளியைச் சுற்றிய விலையிலேயே "ஓலெட்" என்ற ஒட்டுவில்லை கண்ணைப் பறிக்கிறது. அது ஒரு திரை வகை. கைபேசியில் அமோலெட் என்று கேள்விப்பட்டிருப்பீர்களே, அதே குடும்பம்தான்.

இந்த விலையில் அடிக்கடி மோதிக்கொள்பவை இரண்டு: லெனோவோ ஐடியாபேட் ஸ்லிம் 5-இன் 14 அங்குல ஓலெட், அசுஸ் விவோபுக் 15 ஓலெட். மூன்றாவதாக 13 அங்குல மேக்புக் ஏரையும் சேர்க்கிறேன். அதில் ஓலெட் கிடையாது, விலையும் சில நூறு வெள்ளி கூடுதல். ஆனாலும் முதல் இரண்டைப் பார்க்க வருகிறவர்கள் பக்கத்து மேசைக்குப் போய் அதைத் தொட்டுப் பார்க்காமல் வீடு திரும்புவதில்லை.

என் ஓட்டு ஐடியாபேடுக்கு. ஆனால் பெட்டியைத் திறப்பதற்கு முன் ஒரு விஷயத்தைச் சரிபார்க்க வேண்டும். பணம் வீணாவது பெரும்பாலும் அங்கேதான்.

ஐடியாபேட் ஸ்லிம் 5 என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு திரைகள் விற்பனைக்கு வருகின்றன. ஒன்று 400 நிட்ஸ் வெளிச்சமும் டிசிஐ-பி3 என்ற, திரைப்படத் துறை பயன்படுத்தும் விரிந்த வண்ணப் பரப்பு முழுவதும் கொண்ட ஓலெட். மற்றது 300 நிட்ஸ், 45 விழுக்காடு என்டிஎஸ்சி (பழைய தொலைக்காட்சி வண்ண அளவுகோல்) என்று குறிக்கப்படும், பின்னால் விளக்கு எரியும் சாதாரண ஐபிஎஸ் திரை. வெளிக்கூடு ஒன்று, விசைப்பலகை ஒன்று, சில்லும் ஒன்றாகவே இருக்கலாம். அந்த 45 விழுக்காடு என்பது, இணையத்தில் நாம் பார்க்கும் படங்கள் பயன்படுத்தும் எஸ்ஆர்ஜிபி வண்ணங்களில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கைத்தான் காட்டும். தீபாவளிப் படங்களைத் திறந்து பாருங்கள்: அரக்குப் பட்டு செங்கல் நிறமாகிவிடும், குங்குமம் வெளிறிப்போகும். படம் எடுத்தவரைத் திட்டுவீர்கள், குற்றம் திரையுடையது. எனவே "ஸ்லிம் 5 இருக்கிறதா" என்று கேட்காதீர்கள். மாடல் எண்ணின் முழு வாலையும் படித்து, "ஓலெட் திரையா" என்று கேளுங்கள். விவோபுக் 15-க்கும் இது பொருந்தும். அதிலும் ஓலெட் இல்லாத உடன்பிறப்புகள் உண்டு.

ஓலெட்டில் ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிர்கிறது. கறுப்பு வேண்டிய இடத்தில் அது அணைந்தே விடும். மேக்புக் ஏரிலோ திரைக்குப் பின்னால் விளக்கு எப்போதும் எரிகிறது, கறுப்பு என்பது மூடிய கதவின் இடுக்கில் கசியும் வெளிச்சம் மாதிரி கருஞ்சாம்பலாகத் தெரியும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு மீவாட்ச்சில் வசந்தம் நாடகம் பார்ப்பவருக்கு இந்த வித்தியாசம் முதல் நிமிடத்திலேயே புரியும். பகலில் எக்செல் போடுகிறவருக்கு மாதக் கணக்கானாலும் புரியாது.

கடைக்காரர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் காட்சிக்கு வைத்த ஓலெட்டில் எப்போதும் கறுப்புப் பின்னணியில் வண்ண மீன்களோ வாணவேடிக்கையோ ஓடிக்கொண்டிருக்கும், வெளிச்சமும் முழுமையாக ஏற்றியிருக்கும். ஃபுனானிலோ சிம் லிம் ஸ்குவேரிலோ கணினிக் கண்காட்சியிலோ, அந்தக் காணொளியை நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு வெள்ளை ஆவணத்தைத் திறந்து வெளிச்சத்தைக் கால்வாசிக்குக் குறையுங்கள். வீட்டில் நீங்கள் பார்க்கப்போகும் திரை அதுதான்.

குறைக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பல ஓலெட் திரைகள் வெளிச்சத்தைக் குறைக்க மிக வேகமாக அணைந்து எரிகின்றன. மடிக்கணினிகளில் நொடிக்கு 240 முறை என்பது பரவலாகக் காணப்பட்ட அளவு, புதியவற்றில் 480-உம் உண்டு. கண்ணுக்கு நேராகத் தெரியாது. ஆனால் சிலருக்கு இரண்டு மணி நேர வேலைக்குப் பிறகு தலைவலி, கண் கனம். கைபேசிக் கேமராவின் புரோ முறையில் ஷட்டர் வேகத்தைக் கூட்டித் திரையைப் பாருங்கள், கறுப்புப் பட்டைகள் ஓடினால் சிமிட்டல் இருக்கிறது என்று பொருள். இங்கே அசுஸ் ஒரு படி முன்னே: மைஅசுஸ் செயலியில் சிமிட்டலில்லாமல் மங்கச் செய்யும் வசதி வைத்திருக்கிறது. திரையின் உண்மையான வெளிச்சத்தை உயரத்திலேயே வைத்துக்கொண்டு, மென்பொருள் வழியாகப் படத்தை மட்டும் மங்கலாக்குகிறது. கண் கூசும் தன்மையுள்ளவர், ஓலெட்தான் வேண்டும் என்றால், விவோபுக் பக்கம் போவதில் நியாயம் இருக்கிறது. ஓலெட்டே வேண்டாம் என்று மேக்புக் ஏருக்குப் போவது அதைவிட நியாயம்.

எழுத்து. தமிழில் நிறையப் படிப்பவர்கள் இதைக் கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும். சுழிகளும் கொம்புகளும் புள்ளிகளும் நெருக்கியடிக்கும் எழுத்து நம்முடையது. ஆங்கிலம் சுத்தமாகத் தெரிகிற அளவில் "ணூ", "ஞ்சு" எல்லாம் குழம்பிவிடும். விவோபுக் 15-இன் 15.6 அங்குலத் திரையில் 1920-க்கு 1080 என்றால் அங்குலத்துக்கு 141 பிக்சல். ஐடியாபேடில் 1920-க்கு 1200, 14 அங்குலத்தில், அதனால் 162. மேக்புக் ஏரில் 224. தமிழ் முரசின் இணையப் பக்கத்தை மூன்றிலும் அடுத்தடுத்துத் திறந்தால் ஏரின் எழுத்து அச்சிட்ட தாள் போல் நிற்கும். ஐடியாபேட் உறுத்தாது. விவோபுக்கில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ள வேண்டியிருக்கும். பெரிய திரை என்பதால் அதற்கு இடம் இருக்கிறது. தட்டச்சில் வேறுபாடு இல்லை. தமிழ் 99, அஞ்சல் இரண்டும் விண்டோஸிலும் மேக்கிலும் உள்ளேயே கிடைக்கின்றன.

ஐடியாபேடை நான் முன்னே தள்ளுவதற்கு இன்னொரு காரணம் அதன் 16-க்கு 10 திரை வடிவம். விவோபுக் 15-இன் 16-க்கு 9 படம் பார்க்க வசதி, ஆவணத்துக்குக் குட்டை. எடையும் சேர்கிறது: ஐடியாபேட் ஏறத்தாழ 1.46 கிலோ, விவோபுக் 1.7. தினமும் எம்ஆர்டியில் முதுகில் சுமப்பவருக்கு அந்தக் கால் கிலோ மாலையில் தெரியும். ஏர் 1.24 கிலோதான், மின்விசிறியும் இல்லாததால் நூலகத்தில் சத்தமே கேட்காது.

மின்கலத்தில் ஒரு விந்தை. ஐடியாபேடின் பல மாடல்களில் கொள்ளளவு 57 வாட்-அவர், எம்4 சில்லுள்ள மேக்புக் ஏரில் 53.8 மட்டுமே. ஆனாலும் ஏர்தான் அதிக நேரம் தாங்கும். இணையத்தில் உலாவ 15 மணி நேரம் என்கிறது ஆப்பிள், நடைமுறையில் குறைந்தாலும் மற்ற இரண்டும் அதை எட்டுவது கடினம். ஆப்பிள் சில்லின் சிக்கனம் ஒரு காரணம், ஓலெட்டின் குணம் இன்னொரு காரணம். கறுப்புக்கு மின்சாரம் செலவழிக்காத திரை, வெள்ளைப் பக்கத்துக்கு அள்ளி இறைக்கும். வேர்ட், மின்னஞ்சல், கூகல் டாக்ஸ் எல்லாமே வெள்ளைதானே. இருள் முறையைப் போட்டு வைத்தால் ஓரளவு மிச்சமாகும்.

ஒரே படம் நெடுநேரம் நின்று திரையில் நிரந்தரத் தடம் பதிக்கும் தழும்பு (பர்ன்-இன்) பற்றிய பயம் எல்லாருக்கும் உண்டு. அது பொய்யில்லை, ஆனால் ஊதிப் பெருக்கப்பட்டது. ஓலெட்டில் ஒளிர்வது கரிமப் பொருள், அது மெல்ல மெல்லத் தேயும். நீலம் மற்றவற்றைவிட முந்தித் தேயும், சூடு தேய்மானத்தை விரைவுபடுத்தும். பணிப்பட்டை ஒரே இடத்தில் நாளெல்லாம் நின்றால் அதன் தடம் ஒருநாள் பதியலாம். பணிப்பட்டையைத் தானே மறையும்படி வையுங்கள், சில நிமிடம் தொடாவிட்டால் திரை அணையட்டும். காலை முதல் மாலை வரை ஒரே கணக்குச் செயலியைத் திறந்துவைத்திருக்கும் சிறு கடைக்காரர் என்றால், தயங்காமல் ஓலெட்டை விட்டுவிடுங்கள். அவருக்கு அந்த 300 நிட்ஸ் ஐபிஎஸ்கூடப் போதும், மேற்பரப்பில் பளபளப்பு இல்லாததால் கூரை விளக்கும் முகமும் அதில் பிரதிபலிக்காது. ஓலெட்டும் ஏரும் கண்ணாடி மாதிரி. வீவக வீட்டில் மேற்குப் பார்த்த சன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால், மாலை நான்கு மணிக்கு உங்களையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

நினைவகத்தில் 16 ஜிபிக்குக் கீழே இறங்காதீர்கள். ஏரிலும் ஐடியாபேடின் பல மாடல்களிலும் அது பலகையிலேயே பற்றவைக்கப்பட்டது, பிறகு கூட்ட வழியில்லை. விவோபுக் 15-இன் பல மாடல்களில் ஒரு பகுதி பலகையிலும் இன்னொன்று கழற்றி மாட்டும் துளையிலும் இருப்பதால், அவற்றில் பிறகு கூட்டலாம். ஏர் எம்4-இன் தொடக்க மாடலில் சேமிப்பு 256 ஜிபிதான், யூஎஸ்பி-ஏ, எச்டிஎம்ஐ துளைகளும் கிடையாது. பழைய பென்டிரைவோடு வாழும் குடும்பம் ஓர் அடாப்டருக்கும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைக்காக இதைப் படிக்கிறீர்கள் என்றால் நிறுத்திக்கொள்ளலாம். தனிநபர் கற்றல் சாதனத்தைப் பள்ளிதான் தேர்ந்தெடுக்கும், எடுசேவ் பணமும் அதற்குப் பயன்படும். பலதுறைத் தொழிற்கல்லூரி, பல்கலைக்கழகம் என்றால் கதை வேறு. நாள் முழுக்க வெளியே, மின்செருகி தேடி அலையும் வாழ்க்கை அது. படிப்புக்குத் தேவையான மென்பொருள் மேக்கில் ஓடுமென்றால் மாணவர் விலையில் ஏரை வாங்குங்கள். பொறியியல் மென்பொருள் சிலவற்றுக்கு விண்டோஸ்தான் வேண்டும், பாடத்திட்டத்தைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். வீட்டை விட்டு நகராத, இரவில் படம் பார்க்கும், எண்களுக்குத் தனி விசைகள் கேட்கும் அப்பா அம்மாவுக்கு விவோபுக் 15. பகலில் வேலை, இரவில் படம், வாரத்தில் சில நாள் பயணம் என்று எல்லாம் கலந்தவருக்கு ஐடியாபேட்.

விலையை ஒப்பிடும்போது 9 விழுக்காடு பொருள் சேவை வரி சேர்ந்ததா என்று பாருங்கள். இணையத்தில் மலிவாகத் தெரியும் சில இணை இறக்குமதிப் பெட்டிகளுக்கு (அதிகாரபூர்வ முகவர் வழியாக வராதவை) உள்ளூர் உத்தரவாதம் இருக்காது. திரைத் தழும்பு உத்தரவாதத்தில் அடங்குமா என்பதை விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ரசீதையும் தூக்கிப் போடாதீர்கள். 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த குறைபாட்டுப் பொருள் சட்டத்தின்படி, வாங்கி ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது வாங்கும்போதே இருந்ததாகத்தான் எடுத்துக்கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கடைக்காரர். அதனால் அந்த ஆறு மாதத்தில் அவ்வப்போது ஒரு முழுச் சாம்பல் படத்தைத் திரை நிறையத் திறந்து, திட்டோ கோடோ தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.